கையில் இருந்த ஆட்டம், கடிகாரத்தில் இல்லாத நிமிடம்

2025 ஜூன் 1. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் நார்வே செஸ் போட்டியின் ஆறாவது சுற்று. கறுப்புக் காய்களுடன் ஆடிய மாக்னஸ் கார்ல்சன் ஆட்டத்தின் பெரும்பகுதி குகேஷை அமுக்கியே வைத்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முடிவில் சந்தேகமே இல்லை. நூறில் தொண்ணூற்றொன்பது முறை தான் தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் என்று குகேஷே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் 52-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையை எடுத்து ஒரு செக் கொடுத்தார். அத்தோடு எல்லாம் தலைகீழ். பத்து நகர்த்தல் கழித்து ஆட்டம் முடிந்தது. கார்ல்சனின் முஷ்டி மேஜையில் இறங்கியது, காய்கள் சிதறின. மூன்று நாள் முன்புதான் 19 வயது நிறைந்திருந்த குகேஷ், நடந்ததை நம்ப முடியாமல் எழுந்து போய் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். கிளாசிக்கல் ஆட்டத்தில், அதாவது மணிக்கணக்கில் நீளும் ஆட்டத்தில், கார்ல்சனை அவர் வென்றது அதுவே முதல் முறை.

அந்த மேஜைக் குத்து காணொளியாக உலகம் முழுக்கச் சுற்றியது. குத்துக்கு முன்னால் கடிகாரத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. நார்வே செஸ்ஸில் கிளாசிக்கல் ஆட்டத்துக்கு ஒருவருக்கு மொத்தம் 120 நிமிடம். 41-ஆவது நகர்த்தலிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடும். அவ்வளவுதான். மற்ற பல பெரிய போட்டிகளில் 40 நகர்த்தலைத் தாண்டியதும் அரை மணி நேரமாவது புதிதாகக் கிடைக்கும். இங்கே அது கிடையாது. இரண்டு மணி நேரத்தையும் செலவழித்துவிட்டவர், அதன்பின் பத்துப் பத்து விநாடியாகப் பிச்சை வாங்கித்தான் ஆட வேண்டும். கார்ல்சனும் குகேஷும் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

ஜெயித்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டவரைப் பார்த்து நாம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: அந்த நகர்த்தலை ஏன் ஆடினார்? எனக்கு அது தவறான கேள்வியாகவே படுகிறது. பத்து விநாடியில் மனிதன் தவறு செய்வான், அதில் ஆராய ஒன்றுமில்லை. பத்து விநாடி மட்டும் மிஞ்சும் நிலைக்கு அவர் எப்படி வந்தார், எந்த நகர்த்தலில் நேரத்தைக் கொட்டினார் என்று பார்த்தால் ஆட்டத்தின் கதையே வேறாகத் தெரியும். கடன் வாங்கியது முன்னால் எங்கோ ஒரு நகர்த்தலில், ஜப்தி நடந்தது 52-ஆவதில்.

கணக்கு எளிது. 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம் என்றால் சராசரி மூன்று நிமிடம். முதல் 12, 15 நகர்த்தல்கள் வீட்டிலேயே தயாரித்தவை என்றால் அவற்றுக்கு நேரமே செலவாகாது. மீதி 25-க்கு நாலரை நிமிடத்துக்கு மேல் வரும். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் தயாரிப்பு முடியும் இடத்தில் எதிராளி புதிதாக ஏதோ ஆடிவிட, 35 நிமிடம் யோசித்தால்? ஏழு நகர்த்தலின் நேரம் ஒரே மூச்சில் போய்விட்டது. இப்படி இரண்டு முறை நடந்தால் 30-ஆவது நகர்த்தலில் பத்து நிமிடத்துக்குக் கீழே வந்து நிற்பீர்கள். அந்த நீண்ட யோசனைகளின் பலனாக நிலை உங்களுக்குச் சாதகமாக இருக்கவும் செய்யும். விஷயம் அதுதான்: வெற்றி நிலையும் நேர நெருக்கடியும் ஒரே பணத்தில் வாங்கியவை. நன்றாக யோசித்ததால்தான் ஜெயிக்கிற இடத்துக்கு வந்தீர்கள், நன்றாக யோசித்ததால்தான் நேரமும் இல்லை.

என் சொந்தக் கதை ஒன்று. பள்ளிக் காலத்தில் ஒரு மாவட்டப் போட்டி. அப்போது முள் கடிகாரம்தான். நிமிட முள் 12-ஐ நெருங்கும்போது ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கும். முள் தாண்டியதும் கொடி பொத்தென்று விழும், ஆட்டம் போச்சு. நான் ஒரு யானை அதிகம் வைத்திருந்தேன். ராணியும் இருந்தது. எதிரே இருந்த பையனிடம் ராஜாவும் நகர முடியாத இரண்டு சிப்பாய்களும். கொடி ஏற்கெனவே சாய்ந்து நிற்க ஆரம்பித்திருந்தது. நான் பலகையைப் பார்ப்பதை விட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டு ஆடினேன். ராணியைக் கொண்டுபோய் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கிளாக்கைத் தட்டியபோது அந்தப் பையன் சிரித்தான். அவனுக்கு நகர்த்த எதுவும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. பல நாள் அந்த ராணி நகர்த்தலையே திட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் 14-ஆவது நகர்த்தல் நினைவுக்கு வந்தது: மந்திரியை இரண்டு கட்டங்களில் எங்கே வைப்பது என்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இரண்டுமே நல்ல கட்டம்.

சரி, நேரம் இரண்டு பேருக்கும்தானே குறைகிறது, ஜெயிக்கிறவருக்கு மட்டும் ஏன் அதிகம் வலிக்கிறது? தோற்கும் நிலையில் இருப்பவரின் வேலை சுலபம். பல நேரங்களில் அவருக்கு ஆட ஒன்றிரண்டு நகர்த்தல்கள்தான் இருக்கும், யோசிக்காமல் ஆடலாம். இழக்க எதுவும் இல்லாததால் ஒரு சின்ன வலை விரித்துப் பார்ப்பார். விழுந்தால் லாபம், விழாவிட்டால் எப்படியும் தோல்விதானே. ஜெயிப்பவருக்கு முன்னால் ஐந்தாறு வழிகள் திறந்திருக்கும். அதில் மூன்று ஜெயிக்கும், இரண்டு டிராவாகும், ஒன்று தோற்கும். வழி அதிகமானால் தேர்ந்தெடுக்கும் நேரமும் அதிகம், அந்த நேரம்தான் கையில் இல்லை. போதாக்குறைக்கு மனசும் மாறிவிடுகிறது. அதுவரை எதிராளியை எப்படி அடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், இருப்பதை எப்படிக் கெடுக்காமல் இருப்பது என்று பார்க்க ஆரம்பிக்கிறார். தாக்க வேண்டிய யானை பின்வாங்கும், ராஜா தேவையில்லாமல் மூலைக்கு நகரும். ஒவ்வொன்றும் பத்திரமான நகர்த்தலாகவே தெரியும்.

இன்னொன்றும் உண்டு, அதை விளையாடியவர்களே உணர்வார்கள். நேரம் இல்லாதபோது கை தானாகச் செக்கைத் தேடும். செக் கொடுத்தால் எதிராளிக்குப் பதில்கள் குறைவு, உடனே ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் செக்கில் தப்பு வராது என்று கை நம்புகிறது. அடுத்த பத்து விநாடி கூடும் வரை ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்றும் தோன்றும். ஸ்டாவாங்கரில் கார்ல்சன் ஆடியதும் ஒரு செக்தான். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பலகையின் அந்த நிலையை மாவட்ட அளவில் ஆடிய யாரிடம் காட்டினாலும், அட, நானும் இதைத்தான் ஆடியிருப்பேன் என்பார்கள்.

இணையத்தில் ஆட்டம் பார்க்கும் நமக்கு ஓரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்ற கணினிக் கணிப்பைக் காட்டும் ஒரு பட்டை ஓடுகிறது. வெள்ளைக்குச் சாதகமென்றால் ஏறும், கறுப்புக்கென்றால் இறங்கும். அது நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பேன். மூன்று புள்ளி சாதகம் என்று பட்டை சொல்லும்போது, எந்த நகர்த்தல் ஆடினாலும் ஜெயிக்கிற மூன்றா, ஒரே ஒரு நகர்த்தல் மட்டும் ஜெயித்து மற்றதெல்லாம் கவிழ்க்கிற மூன்றா என்பது தெரியாது. முதலாவது தார்ச் சாலை, இரண்டாவது கயிற்றுப் பாலம். இரண்டுக்கும் ஒரே எண்தான்.

மாமல்லபுரம் நமக்கு நன்றாக நினைவிருக்கும். நாடுகள் அணியாக மோதும் 2022 செஸ் ஒலிம்பியாடில் குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக வென்றிருந்தார். ஒன்பதாவது டிரா. ஆகஸ்ட் 8 அன்று பத்தாவது சுற்றில், அவர் ஆடிய இந்தியா 2 (இந்தியாவின் இரண்டாவது அணி) அணிக்கு எதிரே உஸ்பெகிஸ்தான். முதல் பலகையில் குகேஷும் நோதிர்பெக் அப்துசத்தோரோவும். அப்போது குகேஷுக்கு 16 வயது, எதிராளிக்கு 17. குகேஷ் வெற்றி நிலைக்கு வந்தார். சாதகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. டிரா என்று விட்டிருக்கலாம், ஆனால் அணிக்குத் தங்கம் கிடைக்க வேண்டும் என்று மேலும் அழுத்தினார். விநாடிகளில் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரே தவறான நகர்த்தலில் ஆட்டம் கைமாறிப் போனது. ஆட்டம் முடிந்தும் நாற்காலியை விட்டு எழாமல் தலையைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் படம் பரவலாகச் சுற்றியது.

பிரக்ஞானந்தா வென்றதால் அணி 2-2 என்று தப்பித்தது. கடைசியில் உஸ்பெகிஸ்தான் 19 புள்ளியுடன் தங்கம், இந்தியா 2 அணி 18 புள்ளியுடன் வெண்கலம். அந்த ஒரு ஆட்டம் மாறியிருந்தால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும். அங்கே இன்கிரிமென்ட், அதாவது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் நேரம், முதல் நகர்த்தலிலிருந்தே 30 விநாடி என்பதையும் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் 90 நிமிடம்; 40 நகர்த்தலுக்கு 30 விநாடி வீதம் இன்னும் 20 நிமிடம்; 40 தாண்டியதும் 30 நிமிடம். காகிதத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் எழுபதாவது நகர்த்தலை ஒட்டிய ஓர் ஆட்டத்தில் அந்த அரை மணி நேரமும் எப்போதோ தீர்ந்து, 30 விநாடிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த வேண்டியதாகிவிடும். இன்கிரிமென்ட் இல்லாத பழைய முறையில் பதற்றம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது ஒன்றரை மணி நேரம் நீள்கிறது. இன்கிரிமென்ட் அந்தப் பதற்றத்தைத் தவணைக்குப் பிரித்துத் தந்திருக்கிறது, அவ்வளவே.

அடுத்து டொரொன்டோ, 2024 ஏப்ரல். உலகச் சாம்பியனுக்கு யார் சவால் விடுவது என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டி. முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், நடுவில் ஒரு விநாடிகூடச் சேராது; இன்கிரிமென்ட் 41-இலிருந்துதான். ஏழாவது சுற்றில் இந்த முறையே குகேஷைக் கவிழ்த்தது: அலிரேசா பிரௌஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு வந்த ஓய்வு நாளில்தான் தனக்குப் புதிய தெம்பு வந்ததாக அவர் பின்னர் சொன்னார். கடைசிச் சுற்றில் கதை எதிர்ப்பக்கம் திரும்பியது. குகேஷ் நகமுராவுடன் டிரா செய்து 9 புள்ளியுடன் காத்திருக்கிறார். ஃபேபியானோ கருவானாவும் இயான் நெபோம்னியாச்சியும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இருவரில் ஒருவர் ஜெயித்தால் அவரும் 9-க்கு வருவார், மறுநாள் சமனை உடைக்க டை-பிரேக் ஆட்டங்கள். வெள்ளையுடன் ஆடிய கருவானா தெளிவான வெற்றி நிலைக்கு வந்தார். நழுவ விட்டார். மறுபடி கிடைத்தது, மறுபடியும் நழுவியது. 109 நகர்த்தலுக்குப் பிறகு டிரா. கை குலுக்கும்போது இருவரின் முகத்தையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்; சாம்பியனுக்குச் சவால் விடும் உரிமை 17 வயதுப் பையனுக்குப் போய்விட்டது. அந்த டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலகச் சாம்பியன் திங் லிரன் குகேஷுடனான கடைசி ஆட்டத்தில் செய்த யானைத் தவறையும் இங்கே சேர்க்க ஆசைதான். ஆனால் அது டிரா நிலை, வெற்றி நிலை கிடையாது. அது வேறு கணக்கு.

திங் லிரனின் இன்னோர் ஆட்டம் இங்கே பொருந்தும். 2023-இல் அஸ்தானாவில் உலகச் சாம்பியன்ஷிப்பின் ஏழாவது ஆட்டம். பிரெஞ்சு டிபென்ஸ் என்ற தொடக்க முறையை ஆடி நல்ல நிலைக்கு வந்த திங், 40-க்கு முன்னால் இன்னும் பல நகர்த்தல்கள் பாக்கி இருக்க, கையில் சில நிமிடங்களே மிச்சமிருந்தபோது அப்படியே உறைந்து போனார். கடிகாரம் ஓடுகிறது, அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கை எழவில்லை. ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தபின் ஆடிய நகர்த்தல் தோல்வி நகர்த்தல். அவசரப்பட்டுக் கெடுப்பது ஒரு வகை. இப்படி அவசரப்பட வேண்டிய நேரத்தில் அவசரப்பட முடியாமல் போவது இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பார்க்கவே கஷ்டமாக இருப்பது அதுதான்.

எல்லாப் பழியையும் கடிகாரத்தின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 2014-இல் சோச்சியில் ஆறாவது ஆட்டம்: கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். குதிரையால் ஒரு சிப்பாயை அடித்தால் போதும், ஆட்டமே விஸ்வநாதன் ஆனந்த் பக்கம் வந்துவிடும். ஆனந்துக்கு நேரம் இருந்தது. ஆனாலும் ஒரு நிமிடத்தில் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிவிட்டு, தள்ளிய மறுகணமே கண்டுபிடித்தார். கொஞ்ச நேரமாகத் தற்காத்துக்கொண்டே இருப்பவருக்கு, எதிராளி தவறு செய்வார் என்ற எண்ணமே அற்றுப்போகிறது. நேரம் இருந்தும் பயன்படுத்தத் தோன்றாத கதை இது.

நேரக்கட்டுப்பாடு எப்படி வந்தது என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: சலிப்பு. 1851 லண்டன் போட்டியில் எதிராளிகள் மணிக்கணக்காக யோசித்துக் கொல்கிறார்கள் என்று இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டான்டன் புலம்பினார். அப்புறம் மணல் கடிகாரம் பார்த்தார்கள். 1883-இல் லண்டனில் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்றைச் சாய்த்தால் அது நிற்கும், மற்றது ஓடும். அன்றிலிருந்து சதுரங்கத்தில் இரண்டு ஆட்டங்கள் சேர்ந்து நடக்கின்றன, ஒன்று பலகையில், ஒன்று பக்கத்தில். இரண்டாவதில் தேறாத மேதைகள் நிறைய. ஜெர்மன் கிராண்ட்மாஸ்டர் ஃபிரிட்ஸ் சேமிஷ் 1969-இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் போட்டியில் ஆடிய 13 ஆட்டத்தையும் நேரத்தில் தோற்றார். பதின்மூன்றும்! அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி வாழ்நாள் முழுக்க நேர நெருக்கடியிலேயே ஆடியவர். 1942 அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் ஆர்னால்ட் டென்கருடன் ஆடும்போது அவருடைய கொடிதான் விழுந்தது. ஆனால் நடுவர் கடிகாரத்தைப் பின்பக்கமிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்து, இடவலம் குழம்பி, டென்கர் தோற்றதாக அறிவித்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் தீர்ப்பை மாற்றவில்லை. அந்த ஆண்டு பட்டம் ரெஷெவ்ஸ்கிக்கே போனது.

நகர்த்தலுக்கு நகர்த்தல் நேரம் கூட்டும் கடிகாரத்துக்கு 1988-இல் காப்புரிமை கேட்டவர் பாபி ஃபிஷர். 1992-இல் ஸ்பாஸ்கியுடன் மறுபடி மோதியபோது அதை வைத்தே ஆடினார். ஜெயித்த நிலையில் இருப்பவர், காயை நகர்த்தக் கை வேகம் போதாமல் தோற்கக் கூடாது என்பதே நோக்கம். அது பெருமளவு நிறைவேறியது. ராஜாவும் யானையும் வைத்திருப்பவர் இன்று 30 விநாடி இன்கிரிமென்டில் தாராளமாக மேட் செய்யலாம். ஆனால் விதியைப் படிக்காதவரை எந்தக் கடிகாரமும் காப்பாற்றாது. சாட்சி மறுபடியும் ஸ்டாவாங்கர், 2015 ஜூன், நார்வே செஸ் முதல் சுற்று. அப்போது உலகச் சாம்பியன் கார்ல்சன். வெசலின் டோபலோவுக்கு எதிராக வெற்றி நிலை. 60 நகர்த்தல் முடிந்ததும் 15 நிமிடம் கூடும் என்று நினைத்து நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு விதி அப்படி இல்லை. 60-க்குப் பிறகு 30 விநாடி இன்கிரிமென்ட் மட்டும்தான். நடுவர் அதை ஆட்டத்துக்கு முன்பே அறிவித்திருந்தார், கார்ல்சன் தாமதமாக வந்ததால் காதில் விழவில்லை. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது, ஆட்டம் டோபலோவுக்கு. அந்தத் தொடரை வென்றதும் டோபலோவ்தான்.

இதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வைத்தியம் கேட்கச் சப்பென்று இருக்கும். நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் நகர்த்தலுக்குப் பக்கத்திலேயே மீதி நேரத்தையும் எழுது. ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை எழுதினாலும் போதும், நேரம் எங்கே போனது என்று வீட்டுக்கு வந்து பார்க்கலாம். இரண்டு நகர்த்தலும் நன்றாக இருந்தால் ஒன்றை ஆடிவிடு, எது இன்னும் நல்லது என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஜெயிக்கும்போது அழகான வழியைத் தேடாதே, எதிராளிக்கு எதுவும் மிஞ்சாத வழியைத் தேடு, காய்களை மாற்றிக்கொள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள் என்பதும் பழைய பாடம், இன்றும் சிறுவர்களுக்குச் சொல்கிறார்கள். இவை எல்லாமே பாதி ஆட்டத்தில் செய்ய வேண்டியவை. கடைசி பத்து விநாடிக்கு என்று ஒரு வைத்தியமும் எனக்குத் தெரியாது.

கார்ல்சனிடம் வென்றபின் குகேஷிடம் பாடம் என்ன என்று கேட்டார்கள். நேர நெருக்கடி கைமீறிப் போகக்கூடியது என்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார். அது ஜூன் 1. ஜூன் 6 கடைசிச் சுற்று, அதே அரங்கம், அதே பத்து விநாடி. பட்டத்துக்கான வாய்ப்பு இன்னும் இருந்தது. எதிரே கருவானா. விநாடிகளில் ஆடிக்கொண்டிருந்தபோது குகேஷின் கை தவறியது. தோற்று, மூன்றாம் இடத்தில் முடித்தார். பட்டம் கார்ல்சனுக்கு.